பெயர் சொல்லாமல் வாசித்த செய்தி

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களில் யாராவது ஒருவர் என்னிடம் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "மேடம், நீங்க சீரியல்ல நடிச்சவங்களாச்சே, அந்த நடிப்பு நியூஸுக்கு உதவிச்சா?" கேட்கும்போதே அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். நானும் சிரித்துவிட்டு காபி குடிக்கப் போய்விடுவேன். வேலையில் இருந்தவரை அதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இருந்ததில்லை, மனமும் இருந்ததில்லை. இப்போது இரண்டும் இருக்கின்றன. உட்காருங்கள், சொல்கிறேன்.

நான் பிறந்தது ஆந்திராவில், பாகாலாவுக்குத் தள்ளி ஒரு சின்ன ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. நைனாவும் அம்மாவும் அடுத்தவர் வேர்க்கடலைக் கொல்லையில் கூலிக்குப் போனவர்கள். கல்லூரி நாடகத்தில் என்னைப் பார்த்த ஒருவர் மூலமாகச் சென்னைக்குப் போய், ஒரு தமிழ்த் தொடரில் பொறுமைசாலியான மூத்த மருமகளாக நடித்தேன். முதல் நாள் படப்பிடிப்பில் மாமனாரிடம் நான் பேச வேண்டிய வசனத்தில் 'சொல்லிக்கினு' என்று வாய்தவறி வந்துவிட்டது. தளத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு வேறொரு பெண் குரல் கொடுத்தாள். தமிழ்நாட்டிலும் எங்கள் சித்தூர் எல்லைக் கிராமங்களிலும் பல வீடுகளுக்கு என் முகம் தெரியும். என் குரல் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

சில வருடங்களில் கதையில் என்னைச் சாகடித்துவிட்டார்கள். அதன்பின் வந்ததெல்லாம் அம்மா வேஷம். எனக்கு அப்போது முப்பதுக்கு மேல் கொஞ்சம்தான். திருப்பதியில் ஒரு உள்ளூர் சேனல் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். தெலுங்கிலும் தமிழிலும் செய்தி வாசிக்க ஆள் தேடினார்கள். போய்ச் சேர்ந்தேன். வாசிக்கத்தான் எடுத்தார்கள். ஆள் பற்றாக்குறையால் சீக்கிரமே மைக்கைக் கொடுத்து வெளியிலும் அனுப்பினார்கள்.

வெளியில் போனபோதுதான் தெரிந்தது, என் முகம் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தது. பாகாலா ஜங்ஷனில் ரயில் தாமதத்தைப் பற்றிப் பேட்டி எடுக்கப் போனால், "அந்தப் பாவிப்பய வேற கல்யாணம் கட்டிக்கினானே, நீ இன்னாத்துக்கு சும்மா உட்ட?" என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கேமராமேன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். ரயிலைப் பற்றி அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பின் தெரியாதவர்கள் என்னைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்து மனதில் உள்ளதையெல்லாம் கொட்டினார்கள். நிருபருக்கு இது பெரிய வசதி என்று நீங்கள் நினைக்கலாம். அவர்கள் யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேசினார்களா என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் சேகர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தான்.

ஸ்ரீ சிட்டியில் தொழிற்சாலைகள் வராத காலம் அது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வெளியூர் வேலை என்றால் பெங்களூர் கார்மெண்ட்ஸ், இல்லாவிட்டால் குவைத்தில் வீட்டு வேலை. சேகர் குப்பத்தை ஒட்டிய சாந்திபுரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவன். அவன் மனைவி குவைத்துக்குப் போயிருந்தாள். அவளைக் கஸ்தூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பெயர் அதுவல்ல.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, என் பொண்டாட்டி உங்களத்தான் பாக்க சொல்லிச்சு. சீரியல்ல வருமே அந்த அக்கா, திருப்பதில நியூஸ்ல கீதாம், நம்ம பக்கத்து ஆளு, போய்ச் சொல்லுன்னு சொல்லிச்சு. வெள்ளிக்கெழம அந்த ஊட்டுக்காரங்க வெளிய பூடுவாங்க. இப்ப அந்த ஊட்டு ஃபோன்லயிருந்து பண்ணும். நீங்களே கேளுங்க."

ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான். எங்கள் கேமராமேன் அவராகவே பதிவைத் தொடங்கிவிட்டார். கஸ்தூரி தாழ்ந்த குரலில் அவசர அவசரமாகப் பேசினாள். ஒப்பந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அனுப்ப மறுக்கிறார்கள். பாஸ்போர்ட் அவர்களிடம். வெளியே போகும்போது கதவைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு சட்டை தீய்ந்ததற்காகச் சூடான இஸ்திரிப் பெட்டியை அவள் கையில் வைத்திருக்கிறார்கள்.

"எந்த ஏரியா கஸ்தூரி? நீ வேல செய்யற ஊட்டுக்காரர் பேரு இன்னா?" என்று கேட்டேன்.

"பாபா பாபான்னுதான் கூப்புடறேன் அக்கா. பேரு தெரில. வந்த நாளா வாசல்படி தாண்டல. வண்டில கொண்டாந்து உட்டாங்க, அவ்ளோதான்."

"நீ பேசறத டிவில போடலாமா? உனக்குச் சம்மதமா?"

அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. சேகர் திரும்ப அழைக்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்துத் தடுத்தேன். அந்தப் பக்கம் யார் எடுப்பார்கள் என்று தெரியாதே.

எங்கள் செய்தி ஆசிரியர் என்னைவிட வயதில் சிறியவள். திருமலைக் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண். டெல்லியில் படித்துவிட்டு வந்தவள். முடிவெடுப்பதில் கெட்டி. பதிவைக் கேட்டவுடன், "சாயங்கால புல்லட்டின்ல இதுதான் முதல் நியூஸ்" என்றாள்.

"அவ சம்மதம் சொல்லல."

"ஆத்துக்காரர் சொல்றாரே அக்கா. ஒளிபரப்பினாதான் கலெக்டர் ஆபீஸ் அசையும். மூடி வெச்சிண்டா யாருக்கு என்ன லாபம்? சொல்லுங்கோ."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளைப் பேராசைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பெண்ணின் கதறலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாதவள் அவள். நான் சேகரிடம் திரும்பி, இதற்கு முன்னால் யாரிடமாவது சொன்னானா என்று கேட்டேன்.

"அனுப்புன ஏஜெண்ட்டாண்ட கேட்டேன். காண்ட்ராக்ட் இன்னும் முடிலன்னு வெரட்டிட்டான். அதுக்கு மேல சண்ட போட பயமாக்கீது அக்கா. போன வருசம் எங்க பக்கத்துல ஒரு குடும்பம் அவனாண்ட கலாட்டா பண்ணிச்சு. அடுத்த நாளே அந்தப் பொண்ண வேற ஊட்டுக்கு மாத்திட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் ஃபோன் இல்ல."

ஆசிரியர் பக்கம் திரும்பினேன். நான் மெதுவாகச் சொன்னேன்: "ஏஜெண்ட் ஆபீஸ் இதே திருப்பதிலதான் இருக்கு. நம்ம நியூஸை கலெக்டர் பாக்கறாரோ இல்லையோ, அவன் பாப்பான்."

அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "அந்த குவைத் வீட்டுக்காரர் பேரும் ஏரியாவும் இல்லாம தூதரகத்துல எதுவும் பண்ண முடியாது. அது அந்த ஏஜெண்ட்டுக்கு மட்டும்தான் தெரியும். அவன்கிட்ட எப்படிக் கேக்கறது?" என்றாள்.

எப்படிக் கேட்பது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. நிருபர் தான் யார் என்பதை மறைத்துப் பேசுவது தவறு என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். சொன்னேன். அவள் விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

"பண்ணினா அதை ரிக்கார்ட் பண்ணக் கூடாது. ஒரு நாளும் ஒளிபரப்பக் கூடாது. நம்ம சேனல் பேருக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. தப்பா இல்லையான்னு என்னைக் கேக்காதீங்கோ அக்கா. தப்புதான். பண்ணுங்கோ."

கேமராவை அணைத்து அறைக்கு வெளியே எடுத்துப் போகச் சொன்னாள். சேகரின் எண் ஏஜெண்ட்டுக்குத் தெரிந்திருக்கும் என்பதால் அவன் செல்போன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்து டெலிபோன் பூத்துக்கு அவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பூத்துக்காரரிடம் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டோம். மூன்று பேர் நிற்க இடம் இல்லாத கூண்டு அது. ஆசிரியர் பேனாவும் காகிதமுமாக என் தோளோடு ஒட்டிக்கொண்டு ரிசீவரில் காதை வைத்தாள். எதிரே சேகர்.

"அண்ணே, வணக்கம்ணே. சாந்திபுரத்தாண்டயிருந்து பேசறேன். கஸ்தூரி இல்ல, உங்க மூலியமா குவைத்து போயிருக்குதே, அதுக்கு நான் நாத்தனா மொற. எங்க தங்கச்சியயும் அனுப்பணும்ணே."

என் சொந்தப் பேச்சு. சென்னையில் சிரித்துத் தள்ளிய அதே பேச்சு; செய்தி வாசிக்கிற என் குரலை அதில் யாரும் அடையாளம் காண முடியாது. அதைக் கேட்டு அந்த ஆளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"அனுப்பலாமே. பாஸ்போர்ட்டு உந்தா? இருக்குதா?"

"கீதுண்ணே. ஆனா தனியா அனுப்ப எங்க நைனா ஒத்துக்கல. கஸ்தூரி கீற எடத்தாண்டயே வேணும்ங்கறாரு."

மறுமுனையில் அவன் குறுக்கிட்டான். "சேகருக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லையே?"

"பெரிப்பா பொண்ணுண்ணே. என்னை பாகாலாவுல கட்டிக் குடுத்துட்டாங்க."

"சரே சரே. ஆனா அந்தப் பிள்ள பேரச் சொல்லாதம்மா. பெத்த தலநொப்பி, பெரிய தலவலி. வேல செய்யறதில்ல, எப்பப் பாத்தாலும் அழுகையாம். அந்த ஊட்டுக்காரர் என்னைத் திட்டறார்."

இந்த இடத்தில்தான் நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கஸ்தூரிக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசினால் அவன் உஷாராகிவிடுவான். எதிரே சேகர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க சொல்றது சரிதாண்ணே," என்று சிரித்தேன். "அவ கல்யாணமாயி வந்த நாளா அப்படித்தான். குனிஞ்சி ஒரு வேல செய்ய மாட்டா. துன்றதுக்கு மட்டும் மொத ஆளா வந்து நிப்பா. எங்க தங்கச்சி அப்படி இல்லண்ணே."

அவனும் சிரித்தான். அதன்பிறகு பேச்சு தானாக ஓடியது. அந்த வீட்டுக்காரரின் தம்பியும் பக்கத்திலேயே இருக்கிறார், அவருக்கும் ஆள் வேண்டுமாம் என்றான். நைனாவிடம் சொல்ல வேண்டும், கஸ்தூரி இருக்கிற வீட்டுக்காரர் பெயரும் ஏரியாவும் சொல்லுங்கள் என்றேன். வாய்க்குள் நுழையாத பெயரை நான் தப்புத் தப்பாகச் சொல்ல, அவனே பொறுமையாக இரண்டு முறை சொல்லிக் கொடுத்தான். ஆசிரியர் எழுதிக்கொண்டாள்.

ரிசீவரை வைத்தபோது என் புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆசிரியர் தூதரகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்ப அலுவலகத்துக்கு ஓடினாள். சேகர் மட்டும் கூண்டை விட்டு நகரவில்லை.

"அவ அப்படி இல்லக்கா," என்றான்.

"தெரியும் சேகரு. அவனுக்காகச் சொன்னது."

"விடிகாலைல எழுந்து தழை அறுத்துக்கினு வரும். புழு தழை துன்ற நேரத்துல அது துன்னாது. புழுவுக்குப் போட்டுட்டுத்தான் சோறு. காய்ச்ச வந்தாகூட படுக்காது."

நான் நடித்தேன் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வார்த்தைகளை அவன் காதால் கேட்டுவிட்டான். அவற்றுக்குப் பதில் சொல்லி முடிக்காமல் அவனால் வெளியே வர முடியவில்லை. அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அலுவலகத்தில் எனக்கு ஆயிரம் வேலை இருந்தது. உங்களுக்கும் இருக்கும். அப்படி ஒருவர் பேசும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

அதன்பின் காத்திருந்தோம். ஃபேக்ஸ் கிடைத்தது, விசாரிக்கிறோம் என்று தூதரகத்திலிருந்து ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். நான் தினமும் செய்தி வாசித்தேன். பிரம்மோற்சவ ஏற்பாடுகள், தக்காளி விலை, தண்ணீர்ப் பிரச்சினை. பதிவு செய்த கஸ்தூரியின் குரல் ஆசிரியரின் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் சேகர் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"இன்னிக்கு ஃபோன் வரல."

ஏஜெண்ட் மோப்பம் பிடித்துவிட்டானா? நான் பேசியதாலேயே அவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்களா?

"நீங்க அன்னிக்கே டிவில போட்டிருந்தா இந்நேரம் எதனா நடந்திருக்கும்," என்று சேகர் குரலை உயர்த்தினான். "நடிக்கறவங்கள நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். அடுத்த தெருவுல இன்னொரு சேனல் கீது. அங்க போறேன்."

என்னைச் சுற்றி நின்றவர்கள் அவனைச் சமாதானப்படுத்த வந்தார்கள். நான் வேண்டாம் என்று கை காட்டினேன்.

"போகாதேன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல சேகரு. அவ உன் பொண்டாட்டி. எனக்கு இன்னா தெரியுமோ அத மட்டும் சொல்றேன். தூதரகத்துல விசாரிச்சிக்கினு கீறாங்க. இன்னா ஆச்சின்னு எனக்குத் தெரியாது. இன்னிக்கு டிவில வந்தா ஏஜெண்ட்டு பாப்பான், அது நிச்சயம். மத்தது நீயே முடிவு பண்ணிக்கோ."

அவன் படியிறங்கிப் போனான். எந்தப் பக்கம் திரும்பினான் என்று பார்க்க ஜன்னலுக்குப் போகவிருந்தேன். போகவில்லை. பார்த்தால் பின்னாலேயே ஓடியிருப்பேன்.

அன்று மாலை என் புல்லட்டினை முடித்துவிட்டு, நானும் ஆசிரியரும் அந்த இன்னொரு சேனலின் செய்திகளை முழுக்கப் பார்த்தோம். விளையாட்டுச் செய்தி வரை பார்த்தோம். கஸ்தூரி வரவில்லை. பேருந்து நிலையத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, குப்பம் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டதாகப் பிறகு சேகர் சொன்னான்.

திங்கட்கிழமை தூதரகத்திலிருந்து அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை ஃபோன் வராததற்குக் காரணம், அன்று அவள் அந்த வீட்டிலேயே இல்லை. முந்தைய நாளே உள்ளூர் போலீஸோடு போய் அவளை அழைத்து வந்து காப்பகத்தில் வைத்திருந்தார்கள். ஆசிரியர் ரிசீவரை வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அலுவலகமே எழுந்து நின்று பார்த்தது.

கொஞ்ச நாளில் அவளுக்குப் பயணச் சீட்டு கிடைத்தது. சென்னை விமான நிலையத்துக்குச் சேகரோடு நாங்களும் போனோம். இப்போது மறைக்க எதுவும் இல்லை, அவளையே பேசவைக்கலாம் என்று கேமராவும் கொண்டு போயிருந்தோம். ஒரு பிளாஸ்டிக் பையோடு கஸ்தூரி வெளியே வந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். சேகர் அவள் பையை வாங்கிக்கொண்டான். அவள் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, சீரியல்ல உங்க குரல் வேற மாதிரி இருக்குமே?"

"அது வேற ஒருத்தங்க குரல். இதுதான் என்னுது," என்றேன். சிரித்தாள்.

கேமராமேன் கேமராவைத் தோளில் ஏற்றியதும் அவள் சிரிப்பு நின்றது. முந்தானையால் கையை மூடிக்கொண்டாள்.

"வேணாம்க்கா. ஊர்ல காண்ட்ராக்ட்டு முடிஞ்சி வந்துட்டேன்னு சொல்லப்போறேன். கையில எண்ணெ கொட்டிச்சின்னு சொல்லிக்கிறேன்."

"பேசு," என்றான் சேகர். "அந்த ஏஜெண்ட்ட உடக் கூடாது."

"நீ ஆம்பள, சொல்லுவ. நாளைக்குத் தண்ணி புடிக்கப் போறது நான். அங்க இன்னா இன்னா நடந்துச்சின்னு ஒவ்வொருத்தியும் கண்ணாலயே கேப்பா."

ஆசிரியர் என்னைப் பார்த்தாள். இத்தனை நாள் பொத்திப் பாதுகாத்த செய்தி கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. கஸ்தூரி பேசாவிட்டால் அந்த ஏஜெண்ட் இன்னும் எத்தனை பேரை அனுப்புவானோ என்பதும் உண்மை. அதை அவளிடம் சொன்னேன். அவளும் யோசித்தாள்.

"நீங்க சொல்லுங்க அக்கா. எனக்கு நடந்தத நீங்க சொல்லுங்க. என் பேரு வேணாம், ஊரு வேணாம், மொகம் வேணாம்."

கேமராவைப் பையில் போடச் சொன்னேன். திருப்பதி வரை வண்டியில் அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மாலை அதை வாசித்தேன். அவள் குரல் பதிவை ஆசிரியர் அதற்கு முன்பே அவள் கண்ணெதிரில் அழித்துவிட்டிருந்தாள். திரையில் காட்டப் படம் எதுவும் இல்லை. ஒரு பெண், நம் மாவட்டத்துப் பெண் என்று தொடங்கினேன். ஸ்டுடியோவில் ஒருவர், கொஞ்சம் குரல் தழுதழுத்தால் நன்றாக இருக்கும் மேடம் என்றார். அது எனக்கு மிகச் சுலபமாக வரும். வேண்டாம் என்றேன். தக்காளி விலையை எந்தக் குரலில் வாசிப்பேனோ அதே குரலில் வாசித்தேன். அழவேண்டியவள் அழுது முடித்துவிட்டாள். அவள் அழுகையை நான் எடுத்துப் போட்டுக்கொள்ள எனக்கு என்ன பாத்தியதை?

கஸ்தூரியின் சம்மதத்தோடு, ஊருக்குத் தெரியாமல் சேகர் கொடுத்த புகாரின் பேரில் பிறகு ஏஜெண்ட் மீது வழக்குப் பதிந்தார்கள். அலுவலகம் மூடப்பட்டது. வேறு ஊரில் வேறு பெயரில் திறந்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது. இந்த வேலையில் எல்லாவற்றின் முடிவும் நமக்குத் தெரியவராது, அதையும் பழகிக்கொள்ளுங்கள்.

அந்த மாலை வாசித்து முடித்துவிட்டு ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்தபோது செய்தி அறையில் எல்லா ஃபோன்களும் அடித்துக்கொண்டிருந்தன. பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். ஆசிரியர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் ரிசீவரை என்னிடம் நீட்டினாள். பீலேரு பக்கத்திலிருந்து ஒரு அம்மா. எங்கள் பெண் குவைத்துக்குப் போய் நாளாகிறது, எந்தத் தகவலும் இல்லை என்றார்.

"இப்ப டிவில சொன்னீங்களே, அது எங்க பொண்ணுதானேம்மா? பேரச் சொல்லாம உட்டுட்டீங்களே. எங்க கீறா? உங்களாண்டதான் கீறாளா?"

இல்லையம்மா, அது வேறொரு பெண் என்று சொன்னேன். அப்போ வச்சிடறேம்மா என்றார் அவர். அறையில் மற்ற ஃபோன்களை எடுத்தவர்களும் அதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அது தங்கள் பெண் என்றே நினைத்திருந்தார்கள்.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வச்சிடாதீங்கம்மா," என்றேன். "உங்க பொண்ணு பேரு இன்னா? மெதுவா சொல்லுங்க."